ஊசியும் நாணயமும்: பம்பாய்ப் பிளேக் முதல் கொரோனா வரை

இந்திய மண்ணில் முதன்முதலாக அம்மைப்பால் குத்தப்பட்ட ஊர், நாம் பிழைக்க வந்த இந்த மும்பைதான் என்பது நம்மவரில் பலருக்குத் தெரியாது. 1802-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று ஆன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமியின் கையில் அது குத்தப்பட்டது. பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கப்பலில் வந்து சேர்ந்த சரக்கு அது. அக்காலத்தில் குளிர்பெட்டி கிடையாது. ஒருவர் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து பால் எடுத்து அடுத்தவர் கையில் கீறி வைப்பார்கள். இப்படிக் கை மாறிக் கை மாறியே அது ஊர் ஊராகப் போயிற்று. அச்சிறுமியின் கையிலிருந்து எடுத்த பால்தான் பிறகு நாட்டின் மற்றப் பகுதிகளுக்குப் பரவியது.

அதற்கு 219 ஆண்டுகள் கழித்து, 2021-ல், அதே ஊரில் ஊசி போட்டுக்கொள்ள மக்கள் தயங்கினார்கள். "படிக்காத சனங்க, மூட நம்பிக்கை" என்று படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிட்டாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் மருத்துவம் படித்தவன் அல்லேன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, மாண்ட்வியில் கடைப்பையனாகச் சேர்ந்து, சந்தை வாஷிக்கு இடம் மாறியபோது கூடவே வந்து, இன்று கோபர்கைரனேயில் குடியிருந்துகொண்டு பருப்பும் புளியும் விற்பவன். வியாபாரத்தில் ஒன்று தெரியும். மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்துப் பார்க்கிற வாடிக்கைக்காரரை நாம் கோபிப்பதில்லை. பார்க்க விடாத கடைக்காரரைத்தான் சந்தேகப்படுவார்கள். ஊசி விஷயத்திலும் கதை பெரும்பாலும் இதுதான் என்று, கிடைத்த நூல்களைப் படித்த அளவில் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மாண்ட்வியைப் பார்ப்போம். 1896 செப்டம்பரில் அங்கேதான் டாக்டர் அகாசியோ கேப்ரியல் வியேகஸ் என்னும் கோவாக்காரர் பிளேக் நோயை அடையாளம் கண்டு சொன்னார். மாண்ட்வி துறைமுகத்தை ஒட்டிய தானியச் சந்தை. குடோன் நிறைய மூட்டை, மூட்டை இருந்தால் எலி, எலி இருந்தால் தெள்ளுப்பூச்சி. ஆனால் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கொண்டு வருகிறது என்பதை சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898-ல்தான் சொன்னார். அதையும் உலகம் உடனே ஏற்கவில்லை. ஆகவே 1896-ல் அரசுக்கு நோயின் வழி தெரியாது. தெரிந்த வழி அதிகாரம் ஒன்றுதான்.

வீடு புகுந்து சோதனை, நோயாளியை இழுத்துப் போய் ஆஸ்பத்திரியில் அடைத்தல், பாயையும் துணியையும் எரித்தல், சுவரைக் கழுவுதல், கூரையைப் பிரித்தல் என்று நடந்தது. 1897 பிப்ரவரி 4-ல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. (2020-ல் ஊரடங்கு போட்டபோது நம் மாநில அரசுகள் எடுத்து வீசியதும் இதே சட்டத்தைத்தான்.) அதற்கு முன்பே, 1896 அக்டோபரில், ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியை ஏறத்தாழ ஆயிரம் மில் தொழிலாளர்கள் தாக்கினார்கள். எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் சில மாதங்களில் ஊரை விட்டே ஓடிவிட்டார்கள். புனேயில் பிளேக் அதிகாரி ராண்டு 1897 ஜூன் 22 இரவு சுடப்பட்டது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

அப்போது ஊரில் உலவிய வதந்திகளைப் பாருங்கள். ராணியின் சிலைக்கு யாரோ தார் பூசியதற்குப் பழிவாங்க ஆஸ்பத்திரியில் ஆட்களைக் கொல்கிறார்கள் என்றார்கள். பஞ்சாபில் ஊசி ஒரு கஜ நீளம் என்றார்கள். ஊசி போட்டால் உடனே சாவு. இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் சாவு. ஆணுக்கு வீரியம் போகும், பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது. 2021 மே மாதம் நம் வாட்ஸ்அப்பில் வந்தது என்ன? ஊசி போட்ட அனைவரும் இரண்டு ஆண்டில் இறப்பார்கள் என்று ஒரு நோபல் பரிசு விஞ்ஞானி பெயரில் பொய்ச் செய்தி. பிள்ளை பிறக்காது என்று இன்னொன்று. நாசிக்கில் ஒரு பெரியவர் ஊசி போட்ட பின் உடம்பில் ஸ்பூனும் தட்டும் ஒட்டுவதாகக் காட்டி ஊரையே சிரிக்க வைத்தார். கஜக்கோல் போய்க் காந்தம் வந்தது, அவ்வளவுதான். நூற்றிருபது ஆண்டுகளில் வதந்திக்காரருக்குப் புதிய கற்பனை அதிகம் தோன்றவில்லை!

இந்த இடத்தில் வால்டெமார் ஹாப்கின் வருகிறார். ஒடெசாவில் பிறந்த யூதர். கல்கத்தாவில் காலரா ஊசி போட்டுக்கொண்டிருந்தவரை அரசு பம்பாய்க்கு அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையில் வேலை தொடங்கினார். இறைச்சிச் சாற்றில் கிருமியை வளர்த்து, மேலே நெய்த்துளிகளை மிதக்க விடுவார். நெய்யின் அடியிலிருந்து கிருமிகள் விழுது விட்டாற்போல் தொங்கி வளரும். பிறகு சூடு காட்டிக் கிருமியைக் கொன்று ஊசி மருந்தாக்குவார். மாடும் பன்றியும் இந்த நாட்டில் தீராத பிரச்சினை என்பதால் ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார் என்று படித்திருக்கிறேன். சமணனாகிய எனக்கு அதிலும் ஆறுதல் இல்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1897 ஜனவரி 10 அன்று ஹாப்கின் அந்த ஊசியைத் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பிறருக்குத் தர நினைத்ததைவிடப் பல மடங்கு அதிக அளவு. காய்ச்சல் வந்தது, வலி வந்தது, பிழைத்தார். அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் நோய் புகுந்தபோது, கைதிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் முன்வந்து போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தார்கள்; போட்டவர்களில் 2 பேருக்கு நோய், சாவு இல்லை. சிறைக்கைதி "முன்வந்தான்" என்றால் அது எவ்வளவு தூரம் முன்வருதல் என்று இக்காலத்தவர் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் கணக்கு திறந்து வைக்கப்பட்டது. இரண்டு பக்கமும், வரவும் செலவும், எல்லாரும் பார்க்கும்படி.

அப்போது பத்தொன்பது வயதே ஆன மூன்றாம் ஆகா கான், தம் சமூகமான கோஜா மக்கள் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். தம் மாளிகை ஒன்றையே ஹாப்கினின் ஆய்வுக்கூடத்துக்கு விட்டுக்கொடுத்தார். ஆயிரக்கணக்கான கோஜாக்கள் பின்னால் வந்தார்கள். தெருவுக்குத் தெரு படை சுற்றியும் நடக்காத காரியம், ஓர் இளைஞர் சட்டைக் கையை மடித்ததில் நடந்தது. 1899-ல் அந்த ஆய்வுக்கூடம் பரேலில் பழைய கவர்னர் மாளிகைக்குப் போயிற்று. 1925 முதல் அதற்கு ஹாப்கின் நிறுவனம் என்று பெயர். கே.இ.எம். ஆஸ்பத்திரிப் பக்கம் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அந்த நாணயத்துக்குப் பெரிய அடி 1902 அக்டோபர் 30-ல் விழுந்தது. பஞ்சாபில் முல்கோவால் என்னும் கிராமத்தில் அன்று 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரே ஒரு புட்டியிலிருந்து போடப்பட்ட 19 பேர் இழுப்புநோய் கண்டு இறந்தார்கள். பரேலில் தயாரிப்பு சரியில்லை என்று பழி ஹாப்கின் மேல் விழுந்து வேலையும் போயிற்று. கிராமத்தில் புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியதும் விசாரணைப் பதிவிலேயே இருந்தன. ஆனாலும் வெகுகாலம் அவை வெளியில் பேசப்படவில்லை. ரொனால்டு ராஸ் போன்ற விஞ்ஞானிகள் பகிரங்கமாக வாதாடிய பிறகு 1907-ல்தான் பழி நீங்கியது. மருந்து நல்லதா கெட்டதா என்பதைவிட, தவறு நடந்த அன்று உண்மை முழுதாக வெளிவந்ததா என்பதுதான் சனங்கள் மனத்தில் நின்றது.

இனி நம் தமிழ்நாட்டுப் பக்கம் வருவோம். பெரியம்மையை நம் மக்கள் நோயாக மட்டும் பார்த்ததில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். வேப்பிலை கட்டி, தாளிக்காமல் சமைத்து, அடுத்தவர் வீட்டுக்குப் போகாமல் இருப்பார்கள். யோசித்தால் தனிமைப்படுத்தல் நமக்குப் புதிதல்ல. ஆனால் ஆத்தா வரும் கையில் வெள்ளைக்காரன் மாட்டம்மையைக் கீறி வைப்பதா என்ற கேள்வி எழுந்தது. யார் கையிலிருந்து எடுத்த பால் யார் கையில் ஏறுவது என்று சாதியும் கூடவே எழுந்தது.

இதைச் சமாளிக்க எல்லிஸ் துரை ஒரு வேலை செய்தார். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை கண்டவர் அவர். திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசோடு தொடர்புபடுத்தப்படுபவர். (அந்தக் காசில் வள்ளுவர் குடைக்கீழ் சமண முனிவர் போலவே உட்கார்ந்திருப்பார் என்பதைச் சொல்லிச் சொல்லி எம்மவர் மகிழ்வோம். அது வேறு கட்டுரைக்கு உரியது.) சக்தியே தன்வந்திரியிடம் அம்மைப்பாலின் பெருமையைச் சொல்வதாக ஓர் உரையாடலை எல்லிஸ் தமிழில் எழுதினார். பிறகு 1819-ல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் "கல்வி விரும்பன்" என்ற புனைபெயரில், இந்த வித்தை பழைய சமஸ்கிருத நூலிலேயே உண்டு என்று சுலோகத்தோடு ஒரு கடிதம் வந்தது. அந்தச் சுலோகங்கள் இட்டுக்கட்டியவை என்று பிற்கால ஆய்வாளர் காட்டியிருக்கிறார்கள். எண்ணம் நல்லதாக இருக்கலாம். ஆனால் நல்ல சரக்கையே இன்னொரு கடையின் முத்திரை போட்டு விற்பது வியாபாரத்தில் கள்ளம்தான். இன்றும் சிலர், எல்லாம் நம் ஏடுகளில் முன்பே இருந்தது என்று அந்தச் சுலோகத்தை எடுத்து வீசுகிறார்கள். பொய்க்கு ஆயுசு எவ்வளவு கெட்டி பாருங்கள்.

படித்தவர்கள் தயங்கவில்லையா என்றால், தயங்கினார்கள். காந்தியடிகள் அம்மை குத்துவதை எதிர்த்தவர் என்பது தெரிந்ததே. ராஜாஜி 1955-ல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை ஏன் எதிர்க்கிறேன் என்று சிறு நூலே எழுதினார். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்து இறங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவரை மூட நம்பிக்கைக்காரர் என்று யார் சொல்ல முடியும்? பெருவாரியான மக்களுக்கு ஒன்றைப் போடும் முன் அதன் பலன் உறுதியா என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று.

இதற்கு அரசாங்கம் திட்டிப் பதில் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1968-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு மாபெரும் சோதனையைத் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அதில் சேர்ந்தார்கள். சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு வெறும் நீர். யாருக்கு எது என்று போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து, 1979-ல் முடிவை வெளியிட்டார்கள்: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை. ஊசி போட்ட நிறுவனமே ஊசி பலிக்கவில்லை என்று அச்சடித்துச் சொன்னது! அதே சமயம், குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கொடிய காசத்தை அது தடுக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் தெரிந்திருந்தபடியால், பிறந்த குழந்தைக்குப் போடுவது தொடர்ந்தது. உங்கள் தோளில் இருக்கும் தழும்பு அதுதான். பேரேட்டை இப்படித் திறந்து காட்டிய ஊரில் தடுப்பூசித் திட்டம் கெட்டுப்போகவில்லை. குழந்தைகளுக்கு ஊசி போடுவதில் நம் தமிழ்நாடு நல்ல பெயர் எடுத்தது.

இப்போது 2021. ஜனவரி 16-ல் மருத்துவப் பணியாளருக்கு, மார்ச் 1-ல் அறுபது தாண்டியவருக்கு, ஏப்ரல் 1-ல் நாற்பத்தைந்து தாண்டியவருக்கு, மே 1 முதல் பதினெட்டு தாண்டியவருக்கு என்று ஊசி வந்தது. சந்தையில் மாத்தாடித் தொழிலாளர்கள், அதாவது மூட்டை தூக்குபவர்கள், என்னிடம் கேட்ட கேள்வி எதுவும் வதந்தியாக இல்லை. தாராவி அறுபது அடி சாலைப் பக்கம் மாவு அரைத்து விற்கும் ஒரு திருநெல்வேலி அம்மா வெகுகாலமாக என்னிடம் உளுந்து வாங்குகிறவர். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "அண்ணாச்சி, ஊசி போட்டா ரெண்டு நாளு காய்ச்சல் வரும்னு சொல்லுதாவ. ரெண்டு நாளு மாவு ஆட்டலைன்னா வாடிக்கை எல்லாம் அடுத்த கடைக்குப் போயிரும். அந்தக் கூலிய யாரு தருவா?"

இதற்கு எந்தச் சுவரொட்டியில் பதில் இருந்தது? கடைசியில் அவர் சந்துப் பெண்களே பதில் கண்டுபிடித்தார்கள். ஒருத்தி போட்டுக்கொண்டு படுத்தால் மற்றவள் அவளுக்கும் சேர்த்து ஆட்டுவது என்று முறை வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் போய் வந்தார்கள். அந்த அம்மாவின் கணவர் மட்டும் "பாத்துக்கிடலாம்" என்று இருந்தவர், மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்து மனம் இசைந்து போனபோது, மையத்தின் வாசலில் இருப்பு இல்லை என்று பலகை. 2021 ஏப்ரல் 30 முதல் மூன்று நாள் மும்பையில் ஊசி மையங்கள் சரக்கில்லாமல் மூடிக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். பலகை எடுப்பதற்குள் அவருக்கு நோய் கண்டுவிட்டது. மே மாதம் பதினெட்டாம் தேதி இறந்தார். இவரைத் தயங்கியவர் கணக்கில் எழுதுவதா, தட்டுப்பாட்டுக் கணக்கில் எழுதுவதா?

பெயர் பதியும் கோவின் தளம் 2021 ஜூன் வரை ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் இந்தியும் பிற மொழிகளும் சேர்ந்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. குரல் எழுந்த பிறகு சில நாளில் சேர்த்தார்கள். மராட்டியும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாத நம் முதியவர்கள் பேரப்பிள்ளையின் கைபேசியை நம்பி இருந்தார்கள். குடிசைப் பகுதி மையங்களில் ஆங்கிலம் தெரிந்த வெளியூர்க்காரர்கள் இடம் பிடித்துக் காரில் வந்து போட்டுக்கொண்டு போனதையும் நம்மவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். கோவிஷீல்டு இரண்டாம் ஊசிக்கு நாலு வாரம் என்றார்கள், பிறகு ஆறு முதல் எட்டு வாரம், மே மாதம் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம். இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்பதற்கு ஆய்வு இருந்தது உண்மை. ஆனால் சரக்கு இல்லாத நேரத்தில் தவணையை நீட்டினால் வியாபாரி என்ன நினைப்பான்? அதற்குமேல், காந்திவலியில் ஒரு குடியிருப்பில் மே 30 அன்று 390 பேருக்குக் காசு வாங்கிக்கொண்டு போலி ஊசி போட்டார்கள். மும்பையில் இப்படி ஏமாந்தவர் இரண்டாயிரத்துக்கும் மேல். பணம் உள்ளவர்கள், படித்தவர்கள்! தாராவிக்காரரிடம் அறியாமையைத் தேடியவர்கள் இங்கே தேடவில்லை.

நம்மவர் மனத்தை அதிகம் உலுக்கியது நடிகர் விவேக்கின் மறைவு. ஏப்ரல் 15-ல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லாரையும் போட்டுக்கொள்ளச் சொல்லித் தானும் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ல் காலமானார். ஆகா கான் கையை நீட்டியதும், விவேக் கையை நீட்டியதும் ஒரே செயல்தான். விதி வேறு மாதிரி எழுதியது. மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். மத்திய அரசின் குழு ஆராய்ந்து அதையே உறுதி செய்த செய்தி அக்டோபரில்தான் வந்தது. இடையில் ஆறு மாதம். இரண்டாம் அலையில் தமிழ்நாடு அல்லாடிய காலமும் அதுதான். நாம் ஊருக்குப் போன் போட்டால் "விவேக்குக்கே அப்படி ஆச்சே" என்பார்கள். மேலே பேச முடியாது.

எம் சமணச் சுற்றத்தில் வேறு ஒரு சிக்கல். 2021 ஜூனில் கோவாக்சினில் கன்றுக்குட்டியின் ரத்தச் சீரம் இருக்கிறது என்று செய்தி பரவியது. பொன்னூர் மலைப் பக்கத்து உறவினர் ஒருவர், என்னைவிட மூத்தவர், போனில் கேட்டார்: "என்னங்க, கன்னுக்குட்டி ரத்தத்தையா உடம்புல ஏத்திக்கிட்டோம்?" நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். வைரஸ் தனியாக வளராது. அதற்கு உயிரணு வேண்டும். 1962-ல் ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்களின் வம்சத்தைத்தான் உலகம் முழுவதும் இன்றுவரை வளர்க்கிறார்கள். அந்த உயிரணுக்கள் வளர்வதற்கு உணவாகச் சீரம் ஊற்றுகிறார்கள். பிறகு பல முறை கழுவி எடுத்துவிட்டு, அதில் வைரஸை வளர்த்து, கொன்று, சுத்தம் செய்கிறார்கள். இறுதி மருந்தில் சீரம் இல்லை என்று சுகாதார அமைச்சகம் சொன்னது சரிதான். ஆனால் வழியில் சீரம் இல்லை என்று சொன்னால் அது பொய். இரண்டையும் சொன்னேன்.

எம் ஆகமத்தில், மனமறிந்து கொல்வது வேறு; உழவு, தொழில், அடுப்பு, தற்காப்பு இவற்றில் இல்லறத்தான் தவிர்க்க முடியாமல் செய்யும் உயிர்வதை வேறு. முன்னதை விட்டே ஆகவேண்டும். பின்னதைக் குறைக்க வேண்டும். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று நான்கு தானம் சொல்லும்போது மருந்தையும் அதில் வைத்தார்கள். என் அளவில் இது போதுமாக இருந்தது, நான் போட்டுக்கொண்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னது விளங்குதுங்க, ஆனா எனக்கு மனசு ஒப்பல" என்று கடைசிவரை போடவில்லை. வீட்டுத் திண்ணையைத் தாண்டாமல் ஓராண்டு இருந்தார். தன் கொள்கைக்கான விலையைத் தானே கொடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

எல்லாருக்கும் அந்த வசதி இல்லை. 2021 ஆகஸ்ட் 15 முதல் இரண்டு ஊசியும் போட்டுப் பதினான்கு நாள் ஆனவர்தான் லோக்கல் ரயிலில் ஏறலாம் என்றார்கள். மும்பையில் ரயில் இல்லாமல் பிழைப்பு ஏது? அதுவரை தயங்கிய பலர் அந்த வாரமே வரிசையில் நின்றார்கள். மனம் மாறியா நின்றார்கள்? வயிற்றுக்காக நின்றார்கள். யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது, பொதுநலனுக்காக அளவான கட்டுப்பாடு விதிக்கலாம், ஊசியின் பாதகங்களைப் பற்றிய விவரங்களைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2-ல் தீர்ப்புச் சொன்னது. மூன்றாவது வாக்கியத்தைத்தான் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

ஏனென்றால் 2024-ல் என்ன ஆயிற்று? கோவிஷீல்டின் மூல நிறுவனம் மிக அரிதாக ரத்தம் உறையும் கோளாறு வரலாம் என்று லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது என்று செய்தி வந்தவுடன், "பாத்தீங்களா, அன்னைக்கே சொன்னோமே" என்று போன் மேல் போன். உண்மையில் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஏப்ரலிலேயே இதைச் சொல்லியிருந்தது. நம் நாட்டுக் குழுவும் 2021 மே மாதம் பத்து லட்சம் ஊசிக்கு 0.61 என்ற கணக்கை வெளியிட்டது. அந்த மே மாதத்தில் இந்த நகரத்தில் கொரோனாவால் செத்தவர்களை எண்ணிப் பார்த்தால், எந்தத் தட்டு கனமானது என்று தராசு பிடித்த எவனுக்கும் தெரியும். ஆனால் அந்த எண்ணை மையத்தின் சுவரில் தமிழிலோ மராட்டியிலோ எழுதி வைத்ததை நான் பார்க்கவில்லை. எழுதியிருந்தால் 2024-ல் அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

கொரோனா அடங்கியும் கேள்வி அடங்கவில்லை. தெரிந்தவர் நடத்திய ஒரு மருத்துவ முகாமில், பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிப் பேச்சு வந்தது. ஒரு தாய் மெதுவாகக் கேட்டார்: "இத போட்டா பின்னால பிள்ளை பிறக்கிறதுல ஒண்ணும் ஆகாதுல்ல, டாக்டரம்மா?" 1897-ன் அதே கேள்வி. கம்மம் மாவட்டத்தில் 2009-ல் இதே ஊசியைப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டபோது பெற்றோர் கையெழுத்து இல்லாமல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டதும், அது பின்னர் நாடாளுமன்றக் குழு வரை போனதும் அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் கேட்டார். டாக்டரம்மா நம் தமிழ்ப் பெண்தான். சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்து, எந்தக் கிருமி, எந்த வயதில், என்ன பலன், கை எத்தனை நாள் வலிக்கும், சிலர் மயங்கி விழுவது ஏன், பிள்ளைப்பேற்றைப் பற்றி எந்த நாடுகளில் எத்தனை ஆண்டாகப் பார்த்திருக்கிறார்கள் என்று முக்கால் மணி நேரம் சொன்னார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. முகாம் நடத்தியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அந்தத் தாய், "வீட்டுல அவங்ககிட்டயும் கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். அடுத்த மாத முகாமில் பெண்ணையும் அழைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணோடும் அவள் தாயோடும் வந்திருந்தார்.